குன்னத்தூருக்கு மடி காலியாப் போன கதைங்க

பொதங்கெழம காலைல எட்டர மணிக்கு நெருப்பெரிச்சல்ல எங்கூட்டு வாசல்ல இருந்து காரு கெளம்புச்சுங்க. போற ஊரு குன்னத்தூரு. பெருமாநல்லூர் வழியாப் போனா இருவது கிலோமீட்டரு, கூடக் கொஞ்சம் இருக்கும். பஸ்ஸுல ஒரு தூக்கம் போட்டு முழிச்சா வந்துருமே, இதையும் ஒரு பயணம்னு எழுத வந்துட்டாளான்னு நீங்க கேக்கலாம். கேளுங்க. ஏரோப்பிளேன்ல போனவங்களுக்குக்கூட இந்தப் பாடு வந்திருக்காதுங்க.

என்ற மக கீதா பிரசவத்துக்கு எங்கூட்டுக்கு வந்து, புள்ள பொறந்து அஞ்சு மாசம் ஆச்சு. அன்னிக்குத்தான் பேத்தி மொதமொத அப்பனூட்டுக்குப் போறா. எங்க பக்கம் ஒரு சாங்கியம் இருக்குதுங்க. மொதத் தடவ புள்ளய அம்மாயி மடியில வச்சுத்தான் கொண்டு போவோணும். வாசல்ல ஆரத்தி எடுத்து, அம்மாயி கையில இருந்து அப்பாயி கைக்குப் புள்ள மாறோணும். அம்மாயி நாந்தான். அஞ்சு மாசமாக் குளிப்பாட்டிப் பொட்டு வச்ச புள்ள. இனி திருநாளுக்கோ நோம்பிக்கோ வந்தாத்தான் உண்டு. அந்த இருவது கிலோமீட்டராச்சும் என்ற மடியில கெடக்கட்டும்னு ஒரு வாரமா அதையே நெனச்சுட்டு இருந்தனுங்க.

அதுல மண்ணள்ளிப் போட்டது மாப்ள பிரபு. எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசரு. அவரு பேச்சுல பாதி இங்கிலீசு, மீதி 'சரிங்க அத்தை'. மொத நாள் பொழுதோட ஒரு பெரிய அட்டப் பொட்டியத் தூக்கிட்டு வந்தாரு. உள்ளுக்குள்ள கூடையாட்டம் ஒரு பிளாஸ்டிக் சேரு, அதுக்கு நாலு பக்கமும் வாரு. சலூன் கடை ஏதாச்சும் போடறீங்களாங் மாப்ளன்னு கேட்டேன். சிரிக்கல. புள்ள உக்காரற கார் சீட்டாமாங்க. அத காரோட பெல்ட்டப் போட்டுக் கட்டோணுமாம்.

கூட வந்த புஸ்தகத்தப் பாத்துப் பாத்து பின் சீட்டுல குனிஞ்சுட்டுக் கெடந்தாரு. பின்னால இருந்து பாத்தா காரு அவரப் பாதி முழுங்குனாப்புல இருந்துச்சு. முன் சீட்டுல வைக்கலாமுல்லன்னு கேட்டதுக்கு, கூடவே கூடாது, அங்க ஏர்பேக்கு இருக்குது, வெடிச்சு வந்தா புள்ளய அடிச்சுப் போடும்னாரு. அதுவும் புள்ள மொகம் பின்பக்கம் பாத்தாப்புலதான் வைக்கோணுமாம். கைப்புள்ளைக்குத் தலை கனம், கழுத்து பிஞ்சு. பிரேக்குப் போட்டா முதுகு முழுசும் அந்தச் சீட்டுல பதிஞ்சு தாங்கிக்கும்னாரு.

தொட்டுப் பாத்தா சீட்டு கல்லாட்டம் இருக்குதுங்க. நாஞ்சும்மா இருப்பனா. எத்தனையோ வருசம் பனியன் கம்பெனியில செக்கிங்ல நின்னவ. கட்டிங் வேஸ்ட்டுத் துணியக் கொண்டாந்து உள்ள அடச்சு, மேல ரிப் துணி போட்டு, பேத்திக்குன்னு ஒரு மெத்த தச்சு வச்சிருந்தேன். அத எடுத்துட்டு வந்து, சீட்டுக்கு அடியில போடுங் மாப்ள, குலுங்காமப் போவாள்னு நீட்டுனேன்.

அவரு வாயத் தொறந்தாரு. புஸ்தகத்துல, அடியில ஒண்ணும் வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்குதுங்க அத்தைன்னு பாதி சொன்னாரு. என்ற மூஞ்சியப் பாத்தாரு. அம்மா ஆசையாத் தச்சதுன்னு கீதா வேற எடுத்துக் குடுத்தா. அப்புறமேலுக்கு என்ன, 'சரிங்க அத்தை'தான். எங்க பக்கத்து மாப்ளைக மாமியா நீட்டுனத வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. மெத்தய வச்சு, பெல்ட்டச் சீட்டுல நீலக் கோடு போட்ட வழியில விட்டு, டிக்குன்னு மாட்டி, பல்லக் கடிச்சு இழுத்தாரு. ஆட்டிப் பாத்தா அசையல.

ஆனா மடி விசயத்துல மட்டும் அவரு அசையலீங்க. சாங்கியத்தச் சொன்னேன், கெஞ்சுனேன், கண்ணக்கூடக் கசக்கிப் பாத்தேன்.

"மடியில மட்டும் வேண்டாங்க அத்தை"ன்னுட்டாரு.

அதனால காலைல கெளம்பறப்போ பேத்தி சீட்டுல, பக்கத்துல நானு, என்ற மடியில கச்சாயப் பலகாரம் நெறச்ச தூக்குப்போசி. எனக்கும் பெல்ட்டப் போட்டு விட்டுட்டாங்க. சீலை கசங்கிப் போச்சுன்னு சொன்னா யாரு கேக்கறா. மாப்ள ஓட்ட, கீதா முன்னால உக்காந்துட்டா.

வேலைக்கு ஆளேத்தற கம்பெனி வேனுக ஒண்ணு பின்னால ஒண்ணாப் போயிட்டு இருந்துச்சு. நாங்கெல்லாம் குன்னத்தூரப் பாத்துப் போறோம், பேத்தி மட்டும் எங்கூட்டப் பாத்தாப்புலயே வர்றா. கண்ணு, உனக்காச்சும் போவ மனசு இல்லியான்னு காதுல கேட்டேன். வெரலச் சூப்பிட்டே சிரிச்சா. அதுவரைக்கும் கிண்டல் பண்ணிட்டு வந்தவ, ஜன்னல் பக்கமாத் திரும்பிக்கிட்டனுங்க.

பெருமாநல்லூர் நால்ரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால, துணி ரோல குறுக்க வச்சுக் கட்டுன ஒரு டிவியெஸ் வண்டி சந்துல இருந்து சடார்னு உள்ள வந்துச்சு. மாப்ள மிதிச்சாரு பிரேக்க.

வண்டிக்காரன் தப்பிச்சுப் போயிட்டான். இங்க பேத்தி சீட்டு ஒரு பக்கமா நழுவி என்ற தோள்மேல சாஞ்சு நிக்குது. உள்ள போட்ட வாரு புள்ளயப் புடிச்சிருந்துச்சு. சித்த நேரம் அவகிட்ட இருந்து சத்தமே இல்லீங்க. அந்தச் சித்த நேரம் இருக்குதே, அத நான் யாருக்கும் சொல்ல முடியாது. அப்புறம் வீல்னு அழுதா. அந்த அழுகையக் கேட்டுத்தான் எனக்கு உசுரு திரும்புச்சு.

உசுரு வந்ததும் வாயும் வந்துருச்சு. இதுக்குத்தான் மடியில குடுங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்னு ஆரம்பிச்சேன்.

கீதா திரும்பிப் பாத்தா. கோவமில்ல, மொகம் வெளுத்துக் கெடந்துச்சு.

"ஏம்மா, உன்ற மடியில இருந்த போசி எங்க?"

குனிஞ்சு பாத்தேன். ரெண்டு கையிலயும் கெட்டியாப் புடிச்சிருந்த போசிங்க. என்ற கைக்குத் தெரியாமயே போயி, முன் சீட்டு முதுகுல மோதி, மூடி ஒருபக்கம், போசி ஒருபக்கம். கச்சாயம் காரெல்லாம் செதறிக் கெடக்குது. நான் குனிஞ்சு ஒண்ணொண்ணாப் பொறுக்குனேன்.

ஒரு டீக்கடையோரமா நிறுத்துனாரு. புள்ளய எறக்கிக் கீதாகிட்டக் குடுத்துட்டு, சீட்டுக்கு அடியில கைய விட்டு மெத்தய உருவுனாரு. அப்பளமாட்டம் வந்துச்சு. எனக்குத் தெரியாததா அது. கட்டிங் வேஸ்ட்ட மூட்ட கட்டி மேல நாலு மூட்டய ஏத்துனா, மறுநா காலைல கயிறு தொளதொளன்னு கெடக்கும். துணி அமுங்கும், கயிறு அமுங்காது. மெத்த அமுங்குனதும் பெல்ட்டும் அப்படித்தான் தொய்ஞ்சு போச்சுங்க.

"தப்பு என்ற மேலதானுங்க அத்தை. வேண்டாம்னு சொல்லியிருக்கோணும்."

"சொல்லியிருந்தா நான் ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பேன். அவ்வளவுதானுங் மாப்ள, வேற ஒண்ணும் ஆயிருக்காது."

அவரு நல்ல மனுசன், மரியாதையும் நல்லதுதான். ஆனா புள்ள விசயத்துல மாமியாகிட்டக் கொஞ்சம் மரியாதை கொறஞ்சாத் தப்பில்லன்னு அந்த டீக்கடையில நெனச்சனுங்க.

திரும்பக் கட்டுனோம். இந்தத் தடவ நேரா கார் சீட்டு மேலயே வச்சாரு. பெல்ட்டு முறுக்கிக்காம நீலக் கோட்டு வழியா வந்து டிக்குன்னு மாட்டுச்சு. அத்தை, நீங்க முழங்கால வச்சு அமுத்துங்கன்னாரு. எத்தனையோ வருசமா இந்த ஒடம்ப வச்சு என்னயக் கிண்டல் பண்ணுன சனம் பாக்கோணும். நான் ஏறி அமுத்த, அவரு பெல்ட்ட இழுத்துத் தொய்வ எடுத்தாரு. பெல்ட்டு போற எடத்துல புடிச்சு ஆட்டுனா கட்ட வெரலு அகலத்துக்குமேல நகரக்கூடாதாம். அதுக்குப் பாதிகூட நகரல. புள்ளய உக்கார வச்சு, தோள்ல இருக்கற வார நான் கிள்ளிப் பாத்தேன். மடிப்பு வெரலுக்குச் சிக்கலீங்க. போர்வய வாருக்கு உள்ள வைக்காம மேலாப்புல போத்தி விட்டேன்.

அங்கிருந்து குன்னத்தூரு வரைக்கும் சீட்டு அசையல. பேத்தி தூங்கிப் போனா. என்ற மடியில தூங்கறதவிட நல்லாத் தூங்குனா. அதுவும் எனக்கு ஒரு வருத்தந்தானுங்க.

பத்து மணிக்கு முன்னாலயே போய்ச் சேந்துட்டோம். சம்மந்தியம்மா ஆரத்தித் தட்டோட நிக்கறாங்க. மாப்ள வாரக் கழட்டிப் புள்ளய என்ற கையில குடுத்தாரு. கார் கதவுல இருந்து வாசப்படி வரைக்கும். இருவது கிலோமீட்டருன்னு கணக்குப் போட்டு வந்தவளுக்கு அவ்வளவு தூரந்தான் கெடச்சுது. எவ்வளவு மெதுவா நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவா நடந்தேன். ஏனுங் சம்மந்தி, காலு நோவுதுங்களான்னு கேட்டாங்க. ஆமாங்கன்னுட்டேன்.

மத்தியானச் சோத்துக்கப்புறம், காருல கொண்டாந்து உடறேன்னு மாப்ள சொன்னாரு. வேண்டாம்னுட்டு, மூணு மணிக்குத் திருப்பூர் பஸ்ஸு ஏறிட்டேன். டிக்கெட்டு இருவத்தஞ்சு ரூபா. உக்கார எடங் கெடச்சுது. அமுங்கிப் போன மெத்தயச் சுருட்டி மடியில வச்சிருந்தேன்.

பெருமாநல்லூருல கூட்டம் ஏறுச்சு. ஒரு வடக்கத்திப் பொண்ணு நிக்க எடமில்லாம நின்னா. பாசை தெரியாது, என்னய ஒரு பார்வ பாத்தா, இடுப்புல இருந்த பையன எடுத்து என்ற மடியில உக்கார வச்சா. நம்ம பஸ்ஸுல அதுக்குக் கேள்வி ஏது. ரெண்டு வயசு இருக்கும். அப்பிடியே என்ற நெஞ்சுல சாஞ்சுட்டான்.

காலைல இருந்து கேட்டது சாயங்காலம் கெடச்சுருச்சு. சந்தோசமாத்தான் இருக்கோணும். ஆனா டிரைவரு வெசயா வெரட்டறாரு, முன் சீட்டு இரும்புக் கம்பி பையன் நெத்திக்கு நேரா இருக்குது. எனக்குப் போசி ஞாபகம் வந்துருச்சு. மெத்தய மடிச்சு அந்தக் கம்பிக்கும் அவனுக்கும் நடுவுல வச்சேன். காலை ரெண்டயும் ஊனிக்கிட்டேன். ரெண்டு கையையும் அவன் வயித்துக்கு மேல கோத்து இறுக்கிக்கிட்டேன்.

எவ்வளவு இறுக்குனாலும் டிக்குன்னு ஒரு சத்தம் கேக்கலீங்க.