ரேடியோவுக்கு ஒரு தலை வேண்டும்

என் வீட்டுக்காரருக்கு எங்கள் கட்டடத்தில் ‘ரேடியோ’ என்று பெயர். கீழ்த்தளத்தில் சலூன் வைத்திருக்கிறார். கத்தரிக்கோல் ஓடும்வரை வாயும் ஓடும். பலகைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து துண்டு துவைத்து மடிப்பது என் வேலை, அதனால் அத்தனையும் என் காதில் விழும். மழை, மாமியார், பல்வலி, உலக யுத்தம் என்று எதைப் பற்றியும் அவரிடம் ஒரு கருத்து இருக்கும். என் சமையலைக்கூடப் புகழ்வார், அதுவும் ஊரான் காதில்! அதே மனிதர் மாடியேறி வீட்டுக்கு வந்தால் ‘ம்’, ‘சரி’, ‘போடு’, அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் இவருக்கு என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அழுதிருக்கிறேன். பிறகு பழகிவிட்டது.

போன மாதம் குடியிருப்போர் சங்கத்தில் யாரோ ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். சலூனைக் காலி செய்தால் அங்கே வண்டி நிறுத்தலாமாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்வார்களாம். சங்கத் தலைவர் நல்ல மனிதர். “அதுக்கு முன்னாடி உங்க பக்கத்தை நீங்க வந்து பேசிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மனசு லேசாகிவிட்டது. ரேடியோவுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கவா வேண்டும்?

அடக் கடவுளே, அன்றிலிருந்து மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“எல்லாரும் ஒரேயடியா என் மூஞ்சியையே பார்ப்பாங்களே” என்றார்.

“பின்ன, முதுகையா பார்ப்பாங்க?” என்றேன்.

நாற்காலியில் உட்கார்ந்தவர்களெல்லாம் யோசனை சொன்னார்கள். ஒருவர் மூச்சை இழுத்து விடச் சொன்னார். இரண்டாவது மாடிப் பல் டாக்டர், எதிரே இருப்பவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். என் தம்பி கண்ணாடி முன்னால் நின்று பழகச் சொன்னான். கண்ணாடிக்கா பஞ்சம் அந்தக் கடையில்? கடை சாத்தியபின் காலி நாற்காலிக்குப் பின்னால் நின்று “பெரியோர்களே” என்று ஆரம்பிப்பார். நாற்காலியைக் குனிந்து பார்ப்பார். அத்தோடு சரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஊர்வம்பெல்லாம் அளக்குற வாய், நம்ம பொழப்புன்னு வந்தா மட்டும் பூட்டிக்குமா?” என்று கத்தினேன். அவர்பாட்டுக்குக் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் மாடிக் கூடம் நிரம்பி வழிந்தது. மைக்கைப் பிடித்து “வணக்கம்” என்றார். அதற்குமேல் மைக்கில் அவர் மூச்சுதான் கேட்டது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“பரவாயில்லை, உட்காருங்க. நாங்களே முடிவு பண்ணிக்கிறோம்” என்றார் தலைவர்.

போச்சு, கடை போச்சு என்று நான் நெஞ்சில் கைவைத்தபோதுதான் என் வீட்டுக்காரரின் வலது கையைக் கவனித்தேன். விரல்கள் வெறும் காற்றை வெட்டிக்கொண்டிருந்தன. இந்த மனிதர் கையில் ஒரு தலை இல்லாமல் என்றைக்காவது பேசியிருக்கிறாரா? இத்தனை வருஷம் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தும் இந்த மரமண்டைக்கு அது எட்டவில்லையே!

ஒரு நாற்காலியை இழுத்துப்போய் அவர் முன்னால் போட்டேன். அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துவிட்டேன்.

“என்னம்மா இது?” என்றார் தலைவர்.

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்கண்ணே.”

என் தலைமேல் கை வந்தது. பிறகு இரண்டு விரல் பின்மண்டையில் பதிந்தது.

“தலையைக் கொஞ்சம் குனிங்க” என்றார்.

கூடமே சிரித்தது. அவர் காதில் விழவில்லை. ரேடியோ பாட ஆரம்பித்துவிட்டது.

“மூணாவது மாடிப் பெரியவருக்கு வெட்ட முடியே இல்லைங்க. ஆனா வாராவாரம் வந்துடுவாரு. நானும் காதுகிட்ட கத்தரிக்கோலைச் சும்மா ஆட்டிக்கிட்டு அவர் பேரன் கதையைக் கேட்பேன்.”

“அடப்பாவி! அப்ப நீ வெட்டவே இல்லையா?” என்று முன்வரிசையிலிருந்து பெரியவர் குரல் வந்தது. கூடம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“இங்கே பாதிப் பசங்க முதல்ல முடி வெட்டினது என் கடையிலதான். அழுத அழுகை இருக்கே! இப்ப தாடி எடுக்க வர்றாங்க” என்றார். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. “மூஞ்சியைப் பார்த்தா எனக்குப் பேச்சு வராதுங்க. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். இந்தக் கடை போனா நான் ஊமைதான். தடுப்புக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரி உட்கார்ந்திருப்பா. ‘எங்க வீட்டுச் சமையல் பிரமாதம்’னு பல் டாக்டர்கிட்ட சொல்றேனே, அது அவருக்கா சொல்றேன்? அவளுக்குக் கேக்கட்டும்னுதான் சத்தமா சொல்றேன். எனக்கு வேற வழி தெரியல.”

“கடை இருக்கட்டும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க” என்றார் தலைவர். கைகள் உயர்ந்தன. எத்தனை என்று எண்ண முடியவில்லை, கண்ணீர் மறைத்துவிட்டது.

“தலையை ஆட்டாதீங்க” என்றார், குலுங்கிய என் தலையைப் பிடித்துக்கொண்டு.

கடை தப்பியது. தலைவர்தான் முதலில் கை தூக்கினாராம்.

சாயங்காலம் வீட்டில் மறுபடியும் ‘ம்’, ‘சரி’ தான். நான் சமையலறை ஸ்டூலை எடுத்து அவர் முன்னால் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். என் தலைமேல் கை வந்தது. ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சமையல் பிரமாதம்தான். உப்புதான் எப்பவும் ஒரு கல்லு தூக்கல்.”

பாவி மனுஷன்! ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷமாக எனக்கென்று இன்னும் என்னென்ன வைத்திருக்கிறாரோ, கேட்டுவிட வேண்டாமா?