சத்தமில்லாத ஏலத்தில் நான் கெடுத்த பேர்

இரண்டாயிரமாம் வருடம் பிறந்ததும் உலகத்தில் உள்ள கம்ப்யூட்டர் எல்லாம் ஒரேயடியாக நின்றுவிடும் என்று பயமுறுத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் திருவொற்றியூர்க் குப்பத்தில்கூட, பாங்கில் போட்டது போய்விடும் என்று சில பேர் விடிவதற்குள் வரிசையில் நின்றார்கள். ஒன்றும் நிற்கவில்லை. அது கழிந்த இரண்டாவது குளிர்காலத்தில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். அப்போது நான் இங்கிலாந்தில் ஹல் என்ற துறைமுக ஊரில் என் மகள் செல்வி வீட்டில் இருந்தேன். இப்போதும் அங்கேதான். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்குக் கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான் எழுத்து. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். என் பேச்சைத் திருத்திப் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள். மற்றவர்கள் பேசியதையாவது பேசியபடியே விடு என்று சொல்லியிருக்கிறேன்.

இந்த ஊரில் எனக்கு முதலில் விநோதமாகப் பட்டது குளிர் இல்லை. கடலும் இல்லை, அது எங்கே போனாலும் கடல்தான். ஏலம்தான் விநோதம். நான் முப்பது வருடத்துக்கு மேல் கரையில் மீன் ஏலம் கூறியவன். படகு வந்து மீனைக் கொட்டியதும் குவியலுக்கு முன்னால் நின்று நான் குரல் எடுத்தால் ரயில்வே கேட் வரைக்கும் கேட்கும். ஏலம் என்றாலே எனக்குச் சத்தம்தான். இங்கே மகள் கம்ப்யூட்டர்ப் பொட்டியைத் திறந்து, "இதுவும் ஏலந்தான் நைனா" என்று காட்டினாள். பழைய கடிகாரம், உடைந்த பொம்மை, தபால் தலை என்று என்னென்னவோ படம் படமாக ஓடியது. யாரும் கூவவில்லை, யாரும் கெட்ட வார்த்தை பேசவில்லை. விலை மட்டும் தானாக ஏறிக்கொண்டே போனது, ஆள் இல்லாத வீட்டில் விசிறி சுற்றுகிற மாதிரி.

என்னிடம் தீப்பெட்டிப் படங்கள் இருந்தன. என் அண்ணன் விம்கோ நகர்ப் பக்கம் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை செய்தவர். பெட்டியில் ஒட்டாத புதுப் படங்களைத் தாள் தாளாகச் சேர்த்து வைத்திருந்தார். துறைமுகத்தில் கப்பல்காரர்களிடம் வாங்கிய வெளிநாட்டுப் படங்களும் அதில் உண்டு. அவர் போன பிறகு அது என்னிடம் வந்தது. ஊரை விட்டு வரும்போது எதற்கென்று தெரியாமலே பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தேன். இதற்கெல்லாம் இங்கே ஆள் உண்டு என்று செல்வி சொன்னதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. தனசேகருக்குப் போன் பேசும் கார்டு வாங்கக்கூட மகளிடம் கை நீட்ட வேண்டியிருந்த காலம் அது. தனசேகர் என் தோஸ்து. நான் வந்த பிறகு கரையில் ஏலம் கூறுவது அவன்தான்.

லைட் ஹவுஸ் படம் போட்ட லேபிள்களை ஒரு கட்டாகக் கட்டிப் பொட்டியில் ஏற்றினோம். நல்ல விலைக்குப் போனது. எடுத்தவர் அங்கே வைத்துக்கொண்டிருந்த பெயர் லைட் ஹவுஸ் ஆர்தர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வாரம் போனது, பணம் வரவில்லை. மகள் மரியாதையாக எழுதிக் கேட்டாள். பதில் இல்லை. இன்னொரு வாரம் போனது.

"இன்னா நைனா, காத்தாலயே பொட்டி முன்னாடி குந்திகினு கீற?"

"அந்தாளு துட்டு அனுப்சிட்டானா பாரு."

"அனுப்பல. இன்னும் கொஞ்சம் நாளு பாக்கலாம். இங்கலாம் பொறுமையாத்தான் கேக்கணும்."

"ஏலத்துல இன்னாம்மா பொறுமை? வாய வுட்டா வுட்டதுதான்."

தனசேகருக்குப் போன் போட்டேன். அவன் சிரித்த சிரிப்பு கடல் தாண்டி என் காதைக் குடைந்தது. "இன்னா மாமு, உனுக்கே டேக்கா குடுக்குறானா வெள்ளக்காரன்? நீ இங்க ஏலம் கூறச்சொல்ல ஒருத்தன் நவுந்துகீறானா? பேரக் கூவுனியா இல்லியா?"

அதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கரையில் ஒருவன் ஏலம் எடுத்துவிட்டுப் பணம் தராமல் இழுத்தடித்தால், மறுநாள் முதல் குவியலுக்கு முன்னால் அவன் பேரைக் கூவுவோம். அவன் பேர் மட்டும் இல்லை, அவன் வீட்டுப் பேரையும் சேர்த்து. அதற்கு மேல் அந்தக் கரையில் அவனுக்கு யாரும் ஒரு கூடை மீன் தரமாட்டார்கள். என் குரலில் அப்படி எத்தனையோ பேர் கெட்டுப் போயிருக்கிறது. அதை நான் ஒரு தொழிலாகத்தான் நினைத்தேன், பாவமாக நினைக்கவில்லை.

இந்தப் பொட்டியிலும் அப்படி ஓர் இடம் உண்டு. வாங்கியவரைப் பற்றி விற்றவர் எழுதலாம். கெட்டதாக எழுதினால் பேருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் குறி விழும். நான் சொன்னேன்: "எழுதும்மா. வாய் குடுத்தான், கை குடுக்கல. இந்த வூட்டாரு யோக்கியம் இல்லாதவங்க. இவங்களாண்ட யாரும் ஏவாரம் வெச்சுக்காதீங்க."

செல்வி கையை எடுத்துக்கொண்டாள். "வூட்டாரலாம் எதுக்கு நைனா இழுக்குற? அவங்கோ இன்னா பண்ணாங்கோ?"

"ஊரு வழக்கம் அதான். எழுது."

எழுதினாள். சிவப்பு விழுந்தது. அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படியும் பணம் வரவில்லை. விற்றவர் கேட்டால் வாங்கியவரின் முகவரியைப் பொட்டி ஏலம் நடத்துகிறவர்கள் தருவார்களாம். கேட்டு வாங்கினோம். பார்த்தால் ஹல்லிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் இருக்கும் கடலோரத்துச் சின்ன ஊர். செல்வி டூட்டிக்குப் போன பிறகு, அவளிடம் சொல்லாமல், முகவரி எழுதிய சீட்டை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கும்மிடிப்பூண்டி வண்டியில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குவோம். இங்கே முழு வண்டியும் காலியாக இருந்தது. இருந்த நாலு பேரும் நாலு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

சண்டை போடப் போகவில்லை. பேர் கூவியும் பணம் வராவிட்டால் அடுத்ததாக ஏலம் கூறுகிறவன் போய் அவன் வாசலில் உட்கார வேண்டும். இது எங்கள் முறை. வாய் திறந்து எதுவும் கேட்கக் கூடாது. தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள், அதுவே போதும். முக்கியமான விதி, அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. ஊரில் ஒருமுறை மாசிலாமணி என்று ஒருவன் வாசலில் சித்திரை வெயிலில் நாள் முழுக்க உட்கார்ந்தேன். அவன் பெண்சாதி சொம்பை நீட்டிக்கொண்டு, "குடி மாமா, உன் காலுல வுழறேன்" என்று அழுதாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இருட்டுவதற்குள் பணம் வந்தது.

சீட்டைக் காட்டி வழி கேட்டு ஆர்தர் வீட்டைப் பிடித்தேன். வாசலில் இடுப்பளவு ஒரு செங்கல் சுவர் இருந்தது. அதில் உட்கார்ந்தேன். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. யார் பார்க்க? கடல் காற்று மட்டும் கோட்டுக்குள் புகுந்து எலும்பைத் தேடியது. விரல் மரத்துப்போன நேரத்தில் கதவு திறந்தது. ஏறக்குறைய என் வயதுப் பெண்மணி. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஆர்தர்?" என்று மட்டும் கேட்டேன். "யெஸ், யெஸ், ஆர்தர்" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள். பெயர் மாரீன் என்று சொன்னாள், ஆர்தரின் பெண்சாதி. சமையலறையில் உட்கார வைத்துக் கையில் சூடாக ஒரு குவளை டீயைத் திணித்தாள். நான் குடித்துவிட்டேன். குளிர் அப்படி. பாதிக் குவளை இறங்கிய பிறகுதான் நான் எதற்கு வந்தேன் என்பதே ஞாபகம் வந்தது.

மாரீன் மளமளவென்று பேசினாள், சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டினாள், கோட்டை மாட்டிக்கொண்டு கூடையோடு வெளியே போய்விட்டாள். என்னை அவள் யார் என்று நினைத்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மறதி நோய் வந்தவர்களுக்கு வாரத்தில் ஒருநாள் துணைக்கு உட்கார ஆள் அனுப்புகிற ஒரு சங்கம் இருக்கிறது. அன்றைக்கு முதல் தடவையாக ஒருவர் வருவதாக இருந்து வராமல் போய்விட்டாராம். என்னைத்தான் அந்த ஆள் என்று நினைத்துவிட்டாள்.

உள் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் ஆர்தர் உட்கார்ந்திருந்தார். நெட்டையான மனிதர், சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. என்னை யார் என்று கேட்கவில்லை. பக்கத்து நாற்காலியைத் தட்டினார். ஒரு ஆல்பத்தைத் திறந்து பக்கம் பக்கமாக லைட் ஹவுஸ் படங்களைக் காட்டினார். திருப்பி முதலிலிருந்து காட்டினார். மறுபடியும். பிறகு திரையில் ஏதோ அழுத்தினார். என் கண்ணுக்குப் பழகிப்போன அந்தப் பக்கம் வந்தது. எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, ஆனால் அந்தச் சிவப்புக் குறி தெரியும். ஆர்தர் விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். படித்து முடித்ததும் அவர் முகம் அடி வாங்கிய பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

மாரீன் திரும்பி வந்து அதைப் பார்த்ததும் திரையை அணைத்தாள். அவள் ஜாடையோடு மெதுவாகச் சொன்னது எனக்கும் புரிந்தது. "எவ்ரி மார்னிங்" என்றாள். தினமும் காலையில் அதைத் திறக்கிறார், புதிதாகப் படிக்கிறார், 'நான் யாரை ஏமாற்றினேன்?' என்று அவளைக் கேட்கிறார். அவள் சமாதானம் சொல்கிறாள். மறந்துவிடுகிறார். மறுநாள் மறுபடியும் படிக்கிறார். நாம் ஒரு அடியை ஒருமுறை வாங்குகிறோம். நான் அடித்ததை அவர் தினம் வாங்குகிறார்.

இன்னொரு விதியையும் இங்கே சொல்ல வேண்டும். பாக்கி வைத்தவன் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டால் கணக்கு தீர்ந்தது. தெரிந்து குடித்தாலும் தெரியாமல் குடித்தாலும் அப்படித்தான். குடித்தவன் மறுநாள் காலையில் அதே கரையில், அதே குரலில், பாக்கி வைத்தவன் கணக்கு தீர்ந்தது என்று கூவியாக வேண்டும். அப்போதுதான் அவன் பேர் திரும்பி வரும்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் செல்வியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "அழிச்சுடும்மா" என்றேன்.

"அழிக்க முடியாது நைனா. ஒரு தபா எழுதுனா எழுதுனதுதான்."

"கெஞ்சிக் கேட்டுப் பாரு."

கேட்டாள். முடியாது என்று பதில் வந்தது. எழுதியதற்குக் கீழே ஒரு வரி சேர்க்கலாமாம். கணக்கு தீர்ந்தது, தவறு என்னுடையது என்று சேர்த்தாள். சிவப்பு மேலேயே நின்றது. ஆர்தர் கீழ் வரி வரைக்கும் படிப்பதில்லை.

லேபிள்களை எடுத்துப்போய் அவரிடமே கொடுத்தேன். செல்வி அந்தச் சங்கத்துக்குப் போன் பேசி என் பேரையும் சேர்த்துவிட்டாள். வியாழக்கிழமை தோறும் போய் ஆர்தரோடு உட்காருகிறேன். மாரீன் கடைக்குப் போய் வருகிறாள். ஒருநாள் மனசு கேட்காமல் மாரீனிடம் திரையில் சிவப்பைக் காட்டி, என் நெஞ்சில் விரலை வைத்து, "மீ" என்றேன். அவள் கண் கலங்கி என் கையைத் தட்டிக்கொடுத்தாள். எனக்கும் அது வலிக்கிறது என்று நான் சொல்வதாக நினைத்துக்கொண்டாள். ஒரு துண்டு கேக் வைத்தாள். தின்றேன். மகளைக் கூட்டிப்போய் விளக்கிச் சொல்லலாம். சொன்னால் மாரீன் என்னை வரவேண்டாம் என்பாள், அப்புறம் அவள் கடைக்கு எப்படிப் போவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது எவ்வளவு உண்மை என்று எனக்கே தெரியவில்லை.

கூவுவதற்கு எனக்கு இங்கே கரை இல்லை. அதனால் தனசேகரிடம் கேட்டுக்கொண்டேன். "கலாய்க்காதடா, நெசமாத்தான் சொல்றேன். மொத குவியலுக்கு மின்னாடி கூவணும்."

அவன் சிரிக்கவில்லை. "கூவுறேன் மாமு. நீயே கேளு" என்று செல்போனைத் தூக்கிப் பிடித்தான். அலை கேட்டது, காக்கை கேட்டது, பிறகு அவன் குரல்: "லைட் ஹவுஸ் ஆர்தரு! கணக்கு தீந்துச்சு!" யாரோ ஒரு பெண் கேட்டாள்: "யார்ரா அவன், எந்தக் குப்பத்து ஆளு?" தனசேகர் சொன்னான்: "மாமு வூட்டாண்ட ஆளு." சரி என்று ஏலம் தொடங்கிவிட்டது. நான் இங்கே இருட்டு ஜன்னல் பக்கம் போனைக் காதில் வைத்து நின்றுகொண்டிருந்தேன். பேர் கெட்ட இடத்தில் அவர் கணக்கு தீரவில்லை. தீர்ந்த இடத்தில் அவரை யாருக்கும் தெரியாது. என் குரல் இங்கே இல்லை, என் உடம்பு அங்கே இல்லை.

இதைப் படிக்கிற உங்களில் பல பேர் என்னைப் போல வெளியூரில் இருப்பீர்கள். அந்தச் சத்தமில்லாத ஏலத்தில் விற்பீர்கள், வாங்குவீர்கள். காசு தராத ஆளைப் பற்றிக் கோபத்தில் எழுதவும் செய்வீர்கள். எங்கேயாவது அந்தப் பேரையும் சிவப்பையும் பார்த்தால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அவர் இன்னொருவரிடம் சொல்லட்டும். எந்தப் பாஷையில் சொன்னாலும் சரி, வாய்விட்டுச் சொல்லுங்கள்: ஆர்தர் யாருக்கும் பாக்கி இல்லை, அவர் வீட்டு டீயை ஏலக்காரன் குடித்துவிட்டான்.