விரிசல் தேடிப் போனேன்

மச்சான் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி எரிச்சல் குறைந்திருக்கும். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். சிவகாசியில் காலண்டர் அடிக்கிற அச்சகம் வைத்திருக்கிறார். வெம்பக்கோட்டை அணைக்குப் பக்கத்தில் கொஞ்சம் கரிசல் காடு வாங்கிப் போட்டிருந்தார். அதில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்கி யோகா, தியானம் செய்வதற்கு ஓர் இடம் கட்டப்போகிறார் என்பதை, சாத்தூரில் ஜல்லி லோடு அனுப்புகிற ஆள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் சிவில் இன்ஜினியர். இந்த வட்டாரத்திலேயே கட்டடம் கட்டித்தான் தலை நரைத்தது. தங்கச்சி புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்க, வேலையைத் தூக்கிப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் ஆர்க்கிடெக்டிடம் கொடுத்துவிட்டார்.

ஒரு கல்யாணப் பந்தியில் கேட்டே விட்டேன். அவர் பாயசத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

"மாப்ள, தப்பா எடுத்துக்கிடாதீக. உங்க கையில குடுத்தா நாலு பக்கமும் கதவு வச்சிருவீக. வர்றவுக கண்ண மூடி உக்காரத்தான வாராக, ஓடுறதுக்கா வாராக?"

பந்தியே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். அதுதான் சுட்டது.

அவர் சொன்னது பொய்யில்லை. நான் கட்டுவது பெரும்பாலும் பட்டாசுக் கம்பெனிகளுக்கு. மருந்து அடைக்கிற அறை என்றால் சின்னதாக இருக்க வேண்டும், அறைக்கும் அறைக்கும் நல்ல இடைவெளி வேண்டும், கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், உள்ளே இருப்பவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் வாசல் தெரிய வேண்டும். எம். புதுப்பட்டி வரைக்கும் நான் கட்டிய அறைகள் வரிசையாக நிற்கின்றன. அழகு பார்த்து யாரும் என்னிடம் ஆர்டர் கொடுத்ததில்லை.

ஆனால் கையில் எனக்கு ஒரு துருப்பு இருந்தது. கரிசல். வெயிலுக்குப் பிளக்கும், மழைக்கு உப்பும். மேலே எதை வைத்தாலும் அசைத்துப் பார்க்கும். அங்கே போய் மண் கட்டடம் கட்டுகிறாளாம், ஏசி இல்லாமல், இயற்கையோடு இயைந்து! கட்டட்டும், முதல் மழைக்குத் தெரியும் என்று வாயை மூடிக்கொண்டேன். மச்சான் பணம் வீணாகுமே என்று ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை.

அஸ்திவாரம் போடும்போது சும்மா பார்க்கிற மாதிரி போனேன். கரிசலை அடிவரைக்கும் தோண்டி எடுத்துவிட்டு, கிராவல் நிரப்பித் திமிசு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தாள். சுவர் கட்ட வெளியூரிலிருந்து செம்மண் வரவழைத்து, கொஞ்சமாக சிமெண்ட் கலந்து மெஷினில் அழுத்திச் செய்த கற்கள் அடுக்கி இருந்தன. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "சார், நீங்க இந்த மண்ணோட பழகினவங்க. ஏதாவது தப்பா இருந்தா சொல்லுங்க." திமிராகப் பேசியிருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். சொல்ல ஒரு தப்பும் இல்லை. "ம், இருக்கட்டும்" என்று வந்துவிட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அணையில் மீன் வாங்கப் போகிறேன் என்று சொல்லி, மழை விட்டபோதெல்லாம் பைக்கை எடுத்தேன். ஜன்னல் மூலைகளைப் பார்த்தேன், ஓட்டைத் தாங்கும் பனங்கைச் சட்டம் சுவரில் உட்காரும் இடத்தைப் பார்த்தேன், சுவரை விரலால் தடவிப் பார்த்தேன். மயிரிழை விரிசல்கூட இல்லை.

"எதுக்கு இம்புட்டு மீனு? பூனைகூடத் திங்க மாட்டேங்குது" என்றாள் என் மனைவி.

அதோடு விட்டாரா மச்சான்? அடுத்த வருஷக் காலண்டரில் அந்தக் கட்டடத்தின் படத்தையே போட்டார். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஒன்று. எங்கள் வீட்டு அடுக்களையிலும் மாட்டியாயிற்று. தினம் காலையில் தாளைக் கிழிக்கும்போது அவள் கட்டிய ஓட்டுச் சரிவைப் பார்த்துவிட்டுத்தான் நான் காபி குடிக்க வேண்டும். "பாத்தாலே மனசு குளுந்து போகுது" என்று என் மனைவி வேறு சொல்வாள். அவளுக்காக நான் கட்டிய வீடு இது. கிரானைட் தரை, மாடியில் இரண்டு ஏசி. இதைப் பார்த்து அவள் மனசு குளிர்ந்ததாக ஒருநாளும் சொன்னதில்லை. நான் கட்டிய ஒன்றைப் பற்றி அவள் வாயால் ஒருமுறை அப்படிக் கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

திறப்பு நாளன்று நானும் மனைவியும் சொந்தக்காரர்களோடு போனோம். பட்டாசுக் கம்பெனி கேட்டில் வாங்குவது போலவே வாசலில் செல்போனை வாங்கி ஓலைப் பெட்டியில் போட்டார்கள். தியான மண்டபத்தில் நாங்களும் வெளியூர்க்காரர்களுமாக உட்கார்ந்தோம். கண்ணை மூடச் சொன்னார் பயிற்சி கொடுப்பவர். நான் மூடவில்லை. குறை தேட வேண்டுமே.

சித்திரை வெயிலிலும் உள்ளே புழுக்கமில்லை. மேலே விட்ட திறப்பு வழியாக வெக்கை போய்க்கொண்டிருந்தது. ஜன்னல்கள் ரொம்பத் தாழ்வாக இருந்தன. சரி, மாட்டினாள் என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, தரையில் உட்கார்ந்திருக்கும் ஆளின் கண்ணுக்கு நேராக அணைத் தண்ணீர் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறாள். என் அறைகளிலும் பெண்கள் காலையிலிருந்து தரையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் எப்படி எழுந்து ஓடுவார்கள் என்று யோசித்திருக்கிறேன். உட்கார்ந்தபடி எதைப் பார்ப்பார்கள் என்று யோசித்ததே இல்லை. இவள் யோசித்திருக்கிறாள்.

அப்போது தூரத்தில் தொம்மென்று ஒரு சத்தம். தரை லேசாக அதிர்ந்தது.

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் முதலில் எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள், அடுத்து கம்பெனிக்குப் போன வீட்டு ஆளுக்குப் போன் போடுவார்கள். மண்டபத்திலிருந்த எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். மச்சான் ஓலைப் பெட்டியைப் பார்த்து ஓடினார். வெளியூர்க்காரர்கள் கண்ணை மூடியபடியே இருந்தார்கள். நானும் பாதி எழுந்துவிட்டேன்.

என் மனைவி அசையவில்லை. வீட்டில் குக்கர் மூடி விழுந்தாலே போனை எடுக்கிறவள் அவள். நான் கம்பெனிக்குள் இருக்கும் நேரம் எங்காவது சத்தம் கேட்டுவிட்டால், கேட்டில் வாட்ச்மேனிடம் கிடக்கும் என் போன் அடித்துக்கொண்டே இருக்கும், நான் வெளியே வந்து எடுக்கிற வரைக்கும். அப்படிப்பட்டவள் மூடின கண்ணைத் திறக்கவில்லை. கை மடியிலேயே கிடந்தது. முகத்தை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததே இல்லை. அந்தப் பெண் கட்டின நாலு சுவர் செய்த வேலையைப் பார்த்தாயா என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

கல்குவாரி வெடி என்று விசாரித்து வந்து சொன்னார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள்.

திரும்பி வரும்போது பைக்கில் கேட்டேன், கொஞ்சம் குத்தலாகத்தான். "கட்டடம்னா அது கட்டடம். அம்புட்டுச் சத்தத்துக்கும் நீ கண்ணே தொறக்கலையே."

"கட்டடம் என்ன செய்யும்?" என்றாள். "நீங்கதான் பக்கத்துல உக்காந்திருந்தீகளே. நான் யாருக்குப் போன் போட?"