கவிஞர் நவீன்குமாரும் அவருடைய கூட்டாளியும்

எங்கள் பேனர் கடை முதலாளி நவீன்குமார் சொந்தமாக ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. இருந்தும் ஆலங்காயத்தில் அவனைக் கவிஞர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று எதற்குப் பேனர் போட வந்தாலும் வாசகம் அவனுடையது. அதாவது, கடை கம்ப்யூட்டரில் இருக்கும் ஏஐயுடையது. வாணியம்பாடியில் ஒருநாள் ஏஐ பயிற்சிக்குப் போய்வந்தான், மறுநாளிலிருந்து ஜிப்பா. "அது என் படைப்புக் கூட்டாளி. நான் உணர்ச்சியக் குடுக்குறேன், அது வார்த்தையக் குடுக்குது" என்று டீக்கடை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தான். அவன் கொடுக்கும் உணர்ச்சியைப் பக்கத்து நாற்காலியிலிருந்து இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். பெயர், வயது, ஊர். அவ்வளவுதான்.

போன மாசியில் மலையிலிருந்து ஜீப் பிடித்து நீலாவதி வந்தாள். புருஷன் அர்ச்சுனன் இறந்திருந்தான், மறுநாள் காரியம். வேறு படம் இல்லாததால் அவனுடைய ஆதார் அட்டையை நீட்டினாள்.

"அவரப் பத்தி ரெண்டு வார்த்த சொல்றேங்க."

நவீன்குமார் கையைக் காட்டி நிறுத்தினான். "அதெல்லாம் நான் பாத்துக்குறேம்மா. மத்தியானம் வந்து வாங்கிக்க."

நானும் ஒன்றும் கேட்கவில்லை. மங்கலான முகத்தைத் தெளிவாக்குவதிலேயே இருந்தேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் பேனரை விரித்துக் காட்டினேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "புளியமரமாய் ஓங்கி நின்று ஊருக்கே நிழல் தந்தவரே." அதற்கு மேல் படிக்கவில்லை.

"புளி உலுக்கப் போயி, மரத்துலேர்ந்து வுழுந்துதாங்க செத்தாரு," என்றாள். "இத்த எப்பிடிங்க வூட்டு வாசல்ல கட்டுறது? எம் பொண்ணு போவ வர படிப்பாளே."

"அது உவமைம்மா. அப்படி நேரா எடுத்துக்கக் கூடாது," என்றான் கவிஞர். அவள் அசையாமல் நின்றதைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு திரையைக் காட்டினான். "நான் எழுதல. இதுதான் எழுதிச்சு."

பாராட்டென்றால் இவன், திட்டென்றால் அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துபோய், காலையில் அவன் ஏஐயிடம் கேட்டதைத் திரையில் தேடி எடுத்தேன். பெயரும் வயதும் ஊரும் தட்டியிருந்ததற்குக் கீழே அது கேட்டிருந்தது: "அவர் எப்படி இறந்தார்? வீட்டில் அவரை எதற்காக நினைக்கிறார்கள்? சொன்னால் பொருத்தமாக எழுதலாம்." அதற்கு நவீன்குமாரின் பதில்: "அதெல்லாம் தேவையில்லை. மலைக்காரர், புளி விவசாயம். நாலு வரி சீக்கிரம்."

இரண்டையும் சத்தமாகப் படித்தேன். அவன் ஜிப்பா பட்டனைத் திருகிக்கொண்டிருந்தான்.

நீலாவதி திரையைப் பார்த்தே பதில் சொன்னாள். "எங்க ஊர்லேர்ந்து ஆறு பொம்பளைங்கள பிரசவத்துக்கு டோலி கட்டி ஜீப் ரோடு வரிக்கும் எறக்குனாருங்க. எறக்கத்துல கனமெல்லாம் முன்னாடி புடிக்கறவன் தோள்லதான். அந்த முன்கொம்ப யாருக்கும் வுடமாட்டாரு."

நான் தட்டினேன்: 'ஆறு பிரசவத்துக்கு டோலி சுமந்தவர். முன்கொம்பை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர்.' படித்துக் காட்டினேன். தலையாட்டினாள்.

நவீன்குமார் எட்டிப் பார்த்தான். "கவித்துவமே இல்லயே. அதுகிட்ட குடுத்துக் கொஞ்சம் மெருகேத்திடட்டுமா?"

"வேணாங்க," என்றாள் நீலாவதி. "அதாச்சும் எப்பிடி செத்தாருன்னு கேட்டுச்சு. என் எதிர்ல உக்காந்துருந்தது நீங்க."