நான் காவலுக்குப் போன ஆட்டம்

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உதைபந்தாட்டம் பார்க்கப் போகவில்லை. என் கணவரின் வாய்க்குக் காவலாகப் போனேன். ஆட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், பந்து வலைக்குள் போனால் ஒரு பக்கம் சந்தோஷப்படும், மற்றப் பக்கம் நடுவரைத் திட்டும் என்பதுதான். அந்த நடுவர் என் மகள் என்பதால்தான் இந்தக் கதையே.

மகள் பள்ளிக்கூட நாளிலிருந்து விளையாடியவள். முழங்கால் திருகிப் போய், ஓடலாம், இனி மோதி விளையாடக்கூடாது என்று டாக்டர் சொன்னதும், ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். பிறகு ஒருநாள் விசிலோடு வந்து நின்றாள். நடுவர் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டாளாம். முதலில் சின்னப் பிள்ளைகளின் ஆட்டம், பிறகு பெண்கள், இப்போது ஆண்களின் கடைசி லீக். அதற்குக் கீழே லீக் என்று ஒன்று இல்லை. பூங்காவில் நாலு சிநேகிதர்கள் சேர்ந்து உதைப்பதுதான் மிச்சம். அடுத்த படிக்கு ஏறவேண்டுமென்றால் ஒரு பரிசோதகர் வந்து, அவள் ஆட்டத்தை நடத்துவதைப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும்.

வசந்தகாலத்தில் ஒருவர் வந்தார். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில்தான் ஆட்டம். என் கணவரும் போயிருந்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரில் விளையாட்டுக் கழகத்துக்குப் பின்வரிசையில் விளையாடியவர். அவர்களுடைய காலத்தில் ஆட்டம் பார்ப்பதென்றால் நடுவரைத் திட்டுவதும் அதில் அடக்கம். நடுவரின் கண்பார்வை, குடும்பம், கொழும்பில் அவருக்கு இருக்கும் சொந்தக்காரர் எல்லாம் கோட்டோரத்தில் அலசப்படும். அதில் யாருக்கும் கோபம் இல்லை, ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ஒன்றாகத் தேத்தண்ணீர் குடிப்பார்கள். இந்தப் பழக்கத்தைக் கனடாவுக்கும் கொண்டுவந்து பல வருடம் வளர்த்த மனுஷர், மகள் விசில் தூக்கிய அன்று ஒரே இரவில் கட்சி மாறினார். அதற்குப் பிறகு நடுவரைத் திட்டுகிறவர்களைத் திட்டத் தொடங்கினார். குரல் மட்டும் மாறவில்லை.

பூங்காவில் நடந்தது அதுதான். தோற்றுக்கொண்டிருந்த அணியைச் சேர்ந்த ஒருவன் மகளை ஏதோ சொல்ல, இவர் நியாயம் கேட்கப் போனார். அவ்வளவு நியாயம் கேட்டதில் அரை அணி இவரைச் சுற்றி நின்றது. கோட்டோரத்தைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை என்று பரிசோதகர் எழுதிவிட்டுப் போனார். மகள் பாஸாகவில்லை.

செப்டெம்பரில் இன்னொரு வாய்ப்பு வந்தது. மைதானம் நகரத்தின் கிழக்கு மூலையில், துறைமுகத்துக்குப் பக்கத்தில். முதல்நாள் குசினி அடுப்படியில் வைத்து மகள் சட்டம் போட்டாள்.

"அப்பா வரக்கூடாது."

"நான் வாயே திறக்கமாட்டன் பிள்ளை. ஒரு மூலையில நிண்டு பாத்திட்டு வாறன்."

"போன முறையும் இதைத்தான் சொன்னீங்கள். இந்த முறையும் இல்லையெண்டால் நான் இதை விட்டிடுவன். உண்மையா விட்டிடுவன்."

அவள் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். மெதுவாகச் சொன்னாள். அவருடைய முகம் தொங்கிப் போனது. அதைப் பார்க்கச் சகிக்காமல் மகளே இறங்கி வந்தாள்.

"சரி. அம்மாவும் வந்தால் வாங்கோ. அம்மா, நீங்கள்தான் பொறுப்பு. என்னைத் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கொள்ளக்கூடாது, ரெண்டு பேரும்."

நான் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, ஆவியில் சுத்தப்படுத்தும் பிரிவில் வேலை செய்கிறவள். பொறுப்பு என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தெப்பனேர் என்று இங்கே சொல்லும் மூலைக் கடையில் ஒரு பை இஞ்சி டொபி வாங்கினேன். கல்லு மாதிரி இருக்கும், லேசில் கரையாது. அவர் வாயைத் திறக்கப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் ஒன்று போடுவதாக ஏற்பாடு.

மகள் காலையிலேயே தனியாகப் போய்விட்டாள். நாங்கள் பின்னால் கிளம்பினோம். எங்கள் கோட்-டெ-நெய்ஜில் மெட்ரோ நீல லைனில் ஏறி, செம்மஞ்சளுக்கு மாறி, பிறகு பச்சையில் கிழக்கே போய், அங்கிருந்து பஸ். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. என்னுடைய மொன்றியல் வீட்டில் தொடங்கி ஆஸ்பத்திரியில் முடியும், கோயில் நாளில் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். அவரோ வந்த புதிதில் அந்தப் பக்கத்துக் கிடங்கு ஒன்றில் சாமான் ஏற்றி இறக்கியவர். பஸ் ஜன்னலால் கையை நீட்டி, இந்த வாசலால்தான் லொறி வரும், அந்த மதிலடியில்தான் நாங்கள் சாப்பிடுவது என்று சொல்லிக்கொண்டே வந்தார். மதிலுக்குப் பின்னால் கொள்கலன்கள் நாலடுக்கு, ஐந்தடுக்காக இருந்தன. அவரைப் பேச விட்டேன். இங்கேயே பேசித் தீர்த்துவிட்டால் அங்கே பேசுவதற்கு ஒன்றும் இருக்காது என்று ஒரு கணக்கு.

மைதானம் என்று சொன்னதற்கு நான் கொஞ்சம் பெரிதாக எதிர்பார்த்துவிட்டேன். ஒரு பக்கம் கம்பிவலைக்கு அப்பால் சரக்கு ரயில் பாதை. மறுபக்கம் மூன்று படி வைத்த தகர இருக்கை, அது உட்காரும்போதே குளிர்ந்தது. உடை மாற்றும் அறை என்பது பச்சை அடித்த பழைய கொள்கலன். அதில் வெட்டிய ஜன்னலால் ஒரு பெண் கோப்பியும் ஹொட்டோக்கும் விற்றாள். டிக்கெட் இல்லை. இருக்கைக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் வேலியும் இல்லை, புல்லில் இழுத்த ஒரு வெள்ளைக் கோடு மட்டும். காலையில் பெய்த மழையில் அதுவும் பாதி கரைந்திருந்தது. ஆற்றுக்காற்று காதுக்குள் புகுந்தது. இதற்காகவா மூன்று லைன் மாறி வந்தோம் என்று நினைத்தேன்.

உள்ளூர் அணி துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களுடையது. எதிர் அணி எங்களுடைய தமிழ்ப் பெடியன்கள், பியர்பொன்ட்ஸ் பக்கத்திலிருந்து கார்களில் வந்திருந்தார்கள். அவர்களோடு ஆதரவாளர்களும், தேத்தண்ணீர்ப் போத்தலும், ஒரு பெட்டி றோல்ஸும். நல்லவேளை, எங்களை யாருக்கும் தெரியாது. பரிசோதகர் நடுக்கோட்டுக்கு நேராக ஒரு மடக்குக் கதிரை போட்டு, காலின் மேல் போர்வை விரித்து உட்கார்ந்திருந்தார். நரைத்த, உயரமான கியூபெக்காரர். முகத்தில் ஒன்றும் வாசிக்க முடியவில்லை.

நீலக் கம்பளித் தொப்பி போட்ட ஒருவர் எங்களுக்கு றோல்ஸ் நீட்டினார்.

"அண்ணை எந்தப் பக்கம்?"

இவர் வாயைக் காட்டித் தலையாட்டினார். வாய்க்குள் டொபி.

"கோட்-டெ-நெய்ஜ்," என்றேன் நான். "அவருக்குப் பல்லுக்குத்து."

மகள் கறுப்புச் சட்டையும் அரைக்காற்சட்டையுமாக நடுவில் வந்து நின்றபோது தொப்பிக்காரர் எழும்பியே விட்டார். "அட, றெஃபறி எங்கட பெட்டை! பேரைப் பாத்தனான், தமிழ்தான். இண்டைக்குப் பயமில்லை." சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். என் கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். நான் ஒரு டொபியை உரித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

முதல் பாதியில் ஒரு ஆபத்தும் இல்லை. எனக்கு ஆட்டம் விளங்காததால் மகளை மட்டும் பார்த்தேன். வீட்டில் குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடுவே போனைப் பார்த்தபடி சுவரில் முட்டுகிறவள், அங்கே பின்பக்கமாக ஓடினாள், திரும்பிப் பார்க்காமலே. அவளைவிட இரண்டு மடங்கு ஆட்கள் அவளைப் பார்த்துக் கத்தினார்கள். அவள் ஒரு கையை மட்டும் தூக்கினாள், அவர்கள் அடங்கிப் போனார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. யாரிடமும் சொல்லும் நிலையில் நான் இல்லை.

இரண்டாம் பாதியில், ஆளுக்கொரு கோல் என்று இருந்தபோது, எங்களுடைய பெடியன் ஒருவன் வலைக்கு முன்னால் எதிராளியின் காலை வாரிவிட்டான். எனக்கே தெரிந்தது. மகள் விசிலை ஊதி, பெனல்ட்டி என்று கையைக் காட்டினாள். உள்ளூர் அணி கோல் போட்டது.

கோட்டோரம் ஒரு நிமிஷத்தில் மாறிப் போனது. எங்கட பெட்டை எங்களுக்கே குழி வெட்டிவிட்டாள் என்றார்கள். வெள்ளைக்காரனுக்கு நல்லபிள்ளையாகப் பார்க்கிறாள் என்றார்கள். என் கணவரின் வாய்க்குள் டொபி நொறுங்குவது எனக்குக் கேட்டது. அடுத்ததைப் போட்டேன். அதையும் கடித்தார். கைகளை இரண்டு தொடைக்கும் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். கண் கலங்கியிருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. இவ்வளவு காலத்தில் நான் அவரைப் பற்றி அப்படிப் பெருமைப்பட்டதில்லை.

அப்போதுதான் தொப்பிக்காரர், மகள் ஓடி வந்த பக்கமாகப் பார்த்து, கையைக் குவித்து உரக்கச் சொன்னார்:

"தாய் தேப்பன் ஒழுங்கா வளர்த்திருந்தால் இந்த நேரம் கட்டிக்குடுத்து, இடுப்பில பிள்ளை இருந்திருக்கும். இப்பிடி அரைக்காற்சட்டையோட ஆம்பிளையளுக்குப் பின்னால ஓடித்திரியாது!"

சிலர் சிரித்தார்கள்.

நான் எப்போது எழும்பினேன் என்று எனக்குத் தெரியாது. என்ன சொன்னேன் என்பதில் எழுதக்கூடிய பகுதியை மட்டும் எழுதுகிறேன். "உமக்கு என்ன தெரியும் அந்தப் பிள்ளையின்ர தாயைப் பற்றி? உம்மைப் பெத்தவள் உமக்கு வாயைக் கழுவப் பழக்கேல்லையோ?" என்று தொடங்கினேன். அவர் பின்னுக்குப் போகப் போக நான் முன்னுக்குப் போனேன். "அக்கா, அக்கா, என்ன அக்கா," என்றபடி அவர் ஒரு பக்கமாக ஒதுங்க, நான் வளைந்து அவரை மறித்தேன். அப்படி வளைந்ததில் கரைந்துபோன அந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஆட்டத்துக்குள் நின்றிருக்கிறேன். பந்தோடு வந்த ஒருவன் என்மேல் மோதாமல் இருக்க விலகித் தடுக்கி விழுந்தான்.

நீண்ட விசில்.

மகள் ஓடி வந்தாள். என் முன்னால் வந்து நின்று, பிரெஞ்சில், சத்தம் உயர்த்தாமல் சொன்னாள்: "மடாம், தயவுசெய்து மைதானத்தை விட்டு வெளியே போங்கள். நீங்கள் போகும்வரை ஆட்டம் தொடங்காது." கையை முழுதாக நீட்டி வாசலைக் காட்டினாள். அவளுடைய கண்ணுக்குள் பார்த்தேன். என்னைத் தெரிந்ததாக அங்கே ஒரு அடையாளமும் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. திட்டியவர் கோட்டுக்கு வெளியே நிற்கிறார், ஒன்றும் இல்லை. நான் உள்ளே நிற்கிறேன், அதனால் போக வேண்டும். பிள்ளை, என்று சொல்ல வாயெடுத்தேன். மடக்குக் கதிரையில் பரிசோதகர் குனிந்து எழுதத் தொடங்குவது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு, டொபிப் பையைக் கணவரின் மடியில் போட்டுவிட்டு நடந்தேன். காவல்காரி வெளியே, கைதி உள்ளே.

வாசலுக்கு எதிரே பஸ் தரிப்பு. அங்கே நின்றால் கொள்கலனின் பின்பக்கம் மட்டும்தான் தெரியும். ஒரு சரக்கு ரயில் முடிவே இல்லாமல் போனது. அதன் சத்தத்தில் ஆட்டமும் கேட்கவில்லை. அவருக்குக் காவலாக வந்து, அவர் செய்யாததை நான் செய்து, பிள்ளையின் கடைசி வாய்ப்பைக் கெடுத்துவிட்டேன் என்று பயந்தேன். அந்தத் தொப்பிக்காரரை மறுபடி கண்டாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்பதும் தெரிந்தது. அதனால் பயம் குறையவில்லை.

ஆட்டம் முடிந்து கணவர் வந்தார். வந்ததும் முதல் பேச்சு:

"நான் வாயே திறக்கேல்லை, பாத்தீரே?"

"அந்தப் பரிசோதகர் என்ன செய்தவர்?"

"எழுதினவர். நீர் வெளிய போகேக்க எழுதத் தொடங்கினவர், முடியுமட்டும் எழுதினவர்."

பஸ் வருவதற்குச் சற்று முன்னர் மகள் தோளில் பையோடு வந்தாள். பின்னாலேயே, கதிரையை மடக்கிக் கக்கத்தில் வைத்தபடி பரிசோதகர். அவரும் அதே பஸ்! மகள் எங்களைப் பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

பஸ்ஸிலும் பிறகு பச்சை லைனிலும் நாங்கள் மூன்று பேரும் அறியாதவர்களாகப் போனோம். அவர்கள் கதவடியில் நின்று பேசினார்கள், அவர் சொல்ல அவள் கேட்டாள். நாங்கள் தள்ளி உட்கார்ந்திருந்தோம். வேறு வழியில்லாமல், யாரோ பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தேன். காலுறையில் புல்லும் சேறும். முழங்காலில் பழைய பட்டி. கன்னம் காற்றில் சிவந்திருந்தது. அவள் முகத்திலும் ஒன்றும் வாசிக்க முடியவில்லை, எங்கே பழகினாளோ.

செம்மஞ்சள் லைனுக்கு மாற நாங்கள் இறங்கினோம். அவர் அதே ரயிலில் போனார். கதவு மூடி, கடைசிப் பெட்டியும் குகைக்குள் போகும்வரை மகள் அசையாமல் நின்றாள். பிறகு திரும்பினாள்.

"பாஸ்," என்றாள்.

"என்ன?"

"பாஸ் அம்மா. பேந்து கடிதம் வரும். கோட்டோரத்தை நல்லாக் கட்டுப்படுத்தினனாம். அந்த மடாமை அனுப்பின விதம் திறமாம்."

என் கணவர் நாள் முழுக்க அடக்கி வைத்திருந்த குரலில் சிரித்தார். ரயில் மேடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் உயிர் வந்தது. உயிர் வந்ததும் வாயும் வந்தது.

"நான் சும்மா எழும்பேல்லை பிள்ளை. அந்த மனிசன் என்ன சொன்னவர் எண்டு உனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் அவரைத்தான் முதல்ல அனுப்பியிருப்பாய்."

"எனக்குக் கேட்டது, அம்மா."

அவள் குனிந்து காலுறையில் இருந்த புல்லை உதறினாள்.

"இப்பிடியானதை ஒவ்வொரு கிழமையும் கேக்கிறனான். தமிழில கேட்டது இண்டைக்குத்தான் முதல்தரம்."

கணவரின் சிரிப்பு நின்றது. சட்டைப்பைக்குள் தேடி, மிஞ்சியிருந்த ஒரே டொபியை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் அதை வாயில் போட்டுக்கொண்டாள். ரயில் வந்ததும் மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம்.