பார்க் ஸ்டேஷனில் பார்க் எங்கே?

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், லீவுக்கு ஊருக்குப் போக மின்சார ரயிலில் வந்து எழும்பூரில் இறங்குவேன். அடுத்த ஸ்டேஷனின் பெயர் பூங்கா. சென்னைக்காரர்கள் பார்க் என்பார்கள். எங்கள் பாளையங்கோட்டையில் பூங்கா என்றால் இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம். அதற்கென்று ஒரு ரயில் நிலையமா?

கம்பெனியின் அசெம்ப்ளி லைனில் என் பக்கத்தில் நிற்கும் பிள்ளைப்பாக்கத்துத் தோழியிடம் கேட்டேன். "வண்டி பார்க் பண்ற எடமா இருக்கும்," என்றாள். இருவருக்கும் ஒரே நாளில் வார ஆஃப் வந்தபோது தேடிப் போனோம்.

ஸ்டேஷனுக்கு வெளியே எங்கும் பஸ், ஆட்டோ, கூட்டம்.

"இன்னாடி இது, பேருக்குக்கூட ஒரு பார்க்கக் காணோம்!" என்றாள் தோழி.

"ஏட்டி, பேரு சும்மாவா வச்சிருப்பாவ? விசாரிப்போம்."

விசாரித்து, மாநகராட்சியின் வெள்ளைக் கட்டடத்துக்குப் பின்புறம் நடந்தோம். மரங்களும் பெஞ்சுகளுமாக ஒரு பூங்கா இருந்தது. கால் மணி நேரத்தில் சுற்றி முடித்துவிட்டோம். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

பக்கத்து பெஞ்சில் அறுபதை நெருங்கும் கணவனும் மனைவியும் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். "இவ்வளவுதானா பார்க்கு?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "இது மிச்சம்மா. அந்த ஸ்டேடியம் தெரிதா? அதுவும் பார்க்குதான். வெள்ளக்காரன் காலத்துல இங்க கொளம், பேண்டு வாசிக்கிற மேடை எல்லாம் இருந்துச்சாம். நான் பாத்தது மிருகக்காட்சிசாலை. புலிக்கூண்டு அந்தப் பக்கம்."

"அது சிறுத்த," என்றார் மனைவி.

"புலிடி. கோடு போட்டுகினு இருந்துச்சே."

"உனக்கு அப்பவே கண்ணு சரியில்ல. எங்க வூடு சூளை. சிங்கம் கத்துனா எங்க வூட்டுக்குக் கேக்கும். எனக்குத் தெரியாதா?"

புலியா சிறுத்தையா என்பது முடிவாகவில்லை. நாங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அதெல்லாம் இப்ப எங்க?" என்று கேட்டாள் தோழி.

"வண்டலூருக்குக் கொண்டுபோய்ட்டாங்களே."

தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரகடத்திலிருந்து எங்கள் பஸ் வண்டலூர் வழியாகத்தான் வரும். எத்தனையோ முறை அங்கிருக்கும் மிருகக்காட்சிசாலையின் மதிலைத் தாண்டியிருக்கிறோம். உள்ளே இருப்பவை இந்த இடத்திலிருந்து போனவற்றின் வாரிசுகளாக இருக்குமோ என்று நினைத்ததும் எனக்குப் பரபரப்பாகிவிட்டது.

திரும்பும்போது வண்டலூரில் இறங்கி ஓடினோம். டிக்கெட் கவுன்டரை மூடிவிட்டிருந்தார்கள். காவலாளியிடம், "பழைய பார்க்குல இருந்து வந்த புலி இன்னும் இருக்கா?" என்று கேட்டேன்.

"அது வந்து எத்தினி வருசம் ஆச்சு! எப்பவோ செத்திருக்கும்மா," என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "இப்பவும் புலி கீது. காலைல வாங்க," என்றார்.

உடனே போக மனம் வரவில்லை. மதிலோரம் நின்றோம். உள்ளே ஏதோ நீளமாகக் கத்தியது.

"மயிலு," என்றேன்.

"குரங்குடி," என்றாள் அவள்.

பஸ்ஸில் ஏறிப் படப்பை தாண்டும்வரை அதைப் பற்றியே சண்டை போட்டோம்.