கவனக்குறைவு என்று கையெழுத்திட்டேன்

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். முதலில் ஆய்வகத்தில் கெமிஸ்ட், பிறகு பாதுகாப்பு அலுவலர். பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள ஒரு முதுநிலைப் பட்டமும் இருக்கிறது. சிஸ்டம்ஸ் திங்கிங், தொலைநிலைக் கல்வியில் படித்தது. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன், எதைச் செய்யாமல் விட்டேன் என்பதை, இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

1. சேர்ந்த கதை

ஒரு சீசனில், களத்தில் காயவைத்திருந்த வெடி தீப்பிடித்து ஒருவருக்குக் கை வெந்துபோனது. விபத்து அறிக்கை எழுதுவது என் வேலை. கம்ப்யூட்டரில் முந்தைய அறிக்கையைத் திறந்து பெயரையும் தேதியையும் மாற்றினேன். "விபத்துக்கான காரணம்" என்ற இடத்துக்கு வந்தபோது மாற்ற ஒன்றுமே இல்லை. "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று ஏற்கெனவே இருந்தது. அதற்கு முந்தைய அறிக்கையிலும் அதே இரண்டு வார்த்தைதான். எல்லாவற்றையும் எழுதியது நான்தான். இத்தனை பேரும் எப்படி ஒரே மாதிரி கவனக்குறைவாக இருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக யோசித்தேன்.

தேடியபோது இந்தப் படிப்பு கண்ணில் பட்டது. ஒரு காரியம் கெட்டுப்போனால் உடனே ஓர் ஆளைப் பிடித்து நிறுத்தாமல், எது எதோடு இணைந்திருக்கிறது, எது எதைத் தள்ளிவிடுகிறது என்று மொத்தமாகப் பார்க்கச் சொல்லித் தருகிற படிப்பு. இரண்டு வருடம். புத்தகம் தபாலில் வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் வகுப்பு. எல்லாம் இங்கிலீஷ்.

மேனேஜர் தங்கராசு அண்ணாச்சியிடம் அனுமதிக் கடிதம் வாங்கப் போனேன்.

"ஏம்மா விஜயா, நாப்பத்தி மூணு வயசுல என்னம்மா படிப்பு? சிஸ்டம்னா கம்ப்யூட்டரா?"

"இல்ல அண்ணாச்சி. விபத்து எதனால வருதுன்னு பாக்குற மாதிரி..."

"அதுக்கு ரெண்டு வருசமா? என்ட்ட கேளு, ரெண்டு நிமிசத்துல சொல்றேன். சொன்ன பேச்சக் கேக்க மாட்டாளுக. அம்புட்டுத்தான்."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஆமத்தூரிலிருந்து கம்பெனிக்குப் போகிற பஸ்ஸில்தான் பெரும்பாலும் படித்தேன். அச்சகத்தில் கழித்துப்போட்ட லேபிள் தாள்களின் வெள்ளைப் பக்கத்தில் வட்டமும் அம்புக்குறியுமாக வரைந்துகொண்டே போவேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், எம்பிராய்டரி டிசைன் போடுகிறேன் என்று நினைத்தார்கள்.

2. பேச்சியம்மாள் சொன்னது

இரண்டாம் வருடம் ப்ராஜெக்ட். வேலை பார்க்கிற இடத்தில் தீராத ஒரு பிரச்சினையை எடுத்து, அதற்குள் இருப்பவர்களிடமே கேட்டு வரைய வேண்டும். பதினான்காம் ரூமில் மருந்து செலுத்துகிற பேச்சியம்மாளிடம் போனேன். வெடிக்குள் போகிற கெமிக்கல் கலவையை இங்கே எல்லோரும் மருந்து என்றுதான் சொல்வோம். அந்த அம்மாவுக்கு அதில் இருபத்தைந்து வருடப் பழக்கம். யாரிடமும் அதிகம் பேசாத ஆள்.

"எழுதிக்கிடுவீகளா மேடம்?"

"எழுதத்தான் வந்திருக்கேன். சொல்லுங்க."

"அப்பச் சரி. மழை பெஞ்சா காயப்போட முடியாது, நாலு நாள் வேலை கெடையாது. வெயில் அடிச்சதும் நாலு நாள் வேலையவும் ஒரே நாள்ல கேக்காக. நாலு பேரு இருக்க வேண்டிய ரூம்ல ஏழு பேரப் போடுறாக. அவசரத்துல மருந்த நெறையக் கலக்குறாக, சாயந்தரம் மிச்சமாகுது. மிச்சத்த அழிக்கணும். அழிச்சா நட்டம்னு குத்தகைக்காரரு வைவாரு. அதனால அங்கனயே மூடி வச்சுட்டுப் போறோம். மறுநாள் மழை வந்துட்டா அதுல ஈரம் ஏறும். ஒன்ன ஒன்னு இழுத்துட்டே போகுது மேடம். கடைசில இழுபடுறது எங்க கைதான்."

நான் மூன்று புத்தகம் படித்து வரைய முயன்ற சுழற்சியை அவர் வேலையை நிறுத்தாமலே சொல்லி முடித்துவிட்டார்.

அவர் சொன்ன குத்தகைக்காரர் கம்பெனி ஆள் இல்லை. முதலாளி, வானத்தில் போய் வெடிக்கிற பேன்சி ரகம் செய்கிற ரூம்களை மட்டும் உள்குத்தகைக்கு விட்டிருந்தார். அது சட்டப்படி கூடாது. அதனால் எந்தக் காகிதத்திலும் அந்த ஆள் கிடையாது. என் படத்தைப் பார்த்ததும் அண்ணாச்சி பேனாவை எடுத்து, குத்தகை, வெளியூர் ஆர்டர் என்று எழுதியிருந்த இரண்டு வட்டத்தையும் அடித்தார்.

"ரூமுக்குள்ள என்ன வேணாலும் வரைஞ்சுக்க. இதெல்லாம் வெளிய போனா கம்பெனி இருக்காது. நீயும் இருக்க மாட்ட."

அந்த இரண்டு வட்டமும் இல்லாமலே சுத்தப் பிரதி எடுத்தேன். அனுப்பியதும் வகுப்பு ஆசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இந்த ரூமில் அவசரம் எங்கேயிருந்து வருகிறது என்று உங்கள் படத்தில் இல்லையே? ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று பதில் எழுதினேன். அவர் ஏற்றுக்கொண்டார். நல்ல மதிப்பெண் வந்தது. கம்பெனியில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து ஆபீசில் மாட்டினார்கள். ஆபத்து என்று தெரிந்தால் எந்த ரூமையும் உடனே மூடச் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டு என்று ஒரு சர்க்குலரும் போட்டார்கள். மிச்ச மருந்தைப் பற்றிக் கேட்டதற்கு, "சீசன் முடியட்டும்" என்றார் அண்ணாச்சி.

3. அந்தக் காலை

சீசன் முடியவில்லை. மூன்று நாள் மழைக்குப் பிறகு நல்ல வெயில் அடித்த ஒரு காலை. பேச்சியம்மாள் என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். வேலை நேரத்தில் அவர் ரூமை விட்டு வந்து நான் பார்த்ததில்லை.

"மேடம், மழைக்கு முந்துன நாள் மருந்து ரூம்லயே இருக்கு. வாளிய வெளிய தொட்டா வெதுவெதுங்குது. போர்மேன்ட்டச் சொன்னேன். குத்தகைக்காரர்ட்டக் கேட்டுட்டுத்தான் எடுக்கணும்கிறாரு."

அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் ஏறினால் தானாகவே சூடாகும். கெமிஸ்ட்டுக்கு இதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரையும் ரூமை விட்டு வெளியேறச் சொல்லும் சைரன் பொத்தான் என் மேசைக்குப் பின்னால் சுவரில் இருந்தது. நான் போனை எடுத்தேன்.

"நீங்க பேசுங்க மேடம். நான் போயி அவளுகள வெளிய ஒக்காரச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அவர் வேகமாக நடந்தார்.

அண்ணாச்சி சொன்னார்: "லோடு மத்தியானம் கெளம்பணும்மா. ரூம மூடிட்டா ஆகாது. இரு, அவருட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுறேன். லைன்லயே இரு."

லைனில் இருந்தேன். பத்து நிமிடம் இருக்கும். அந்தப் பக்கம் அவர் இன்னொரு போனில் யாரிடமோ பேசுவது கேட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் சத்தம் வந்தது. ஆபீஸ் கண்ணாடி உடைந்து என் மடியில் விழுந்தது.

பதினான்காம் ரூமில் மற்ற ஆறு பேரும் வெளியே இருந்தார்கள். பேச்சியம்மாள் ஒவ்வொருத்தியாகக் கிளப்பி அனுப்பியிருக்கிறார். கடைசியில் இருந்த பெண்ணுக்குக் காது கேட்காது. அவளைத் தோளைப் பிடித்து எழுப்பி வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டிருக்கிறார். அவர் மட்டும் வரவில்லை.

4. அறிக்கை

மதியத்துக்குள் போர்மேனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் அண்ணாச்சி டைப் செய்த தாளோடு வந்தார். பேச்சியம்மாள் மருந்தைக் கையாளும்போது உராய்வு ஏற்பட்டதாகவும், காரணம் தொழிலாளியின் கவனக்குறைவு என்றும் இருந்தது.

"அண்ணாச்சி, அந்தம்மா ஆறு பேரக் காப்பாத்தியிருக்கு."

"தெரியும்மா. எனக்கும் மனசு இருக்கு. ஆனா மிச்ச மருந்துன்னு எழுதுனா லைசென்ஸ் போயிரும். முந்நூறு குடும்பம் என்னாகும்? அத விடு. அவ ஒன்ட்ட வந்து சொன்னாள்ல? சர்க்குலர் யாரு கைல இருந்துச்சு? நீ எதுக்கு ரூம மூடல? போலீசு இதக் கேக்கும்மா."

இரண்டு வருடம் நான் படித்த எதுவும் அந்தத் தாளில் இல்லை. அதை எப்படி எழுத வேண்டும் என்று எனக்கு வரி வரியாகத் தெரியும். ஆனால் ஸ்டேஷன் பெஞ்சில் போர்மேன் உட்கார்ந்திருந்ததை முந்தின நாள்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். கையெழுத்துப் போட்டேன். பெயருக்குக் கீழே பட்டத்தையும் டைப் செய்திருந்தார்கள்.

ஒரு மாதம் கழித்து பேச்சியம்மாளின் மகள் முத்துலட்சுமி வீட்டுக்கு வந்தாள். அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறவள். கையில் அறிக்கையின் நகல். அவள் அழவில்லை, சத்தம் போடவும் இல்லை.

"எங்கம்மா ஒங்ககிட்ட வந்து சொல்லுச்சுல்ல மேடம்?"

"சொன்னாங்க."

"அப்பறம் எப்படி எங்கம்மா கவனமில்லாதவ ஆச்சு? படிச்சவுக நீங்க, ஒங்க கையெழுத்து இருக்கவும் எங்க சொந்தக்காரகளே நம்புறாக."

தண்ணீர் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

அவள் போன பிறகு உட்கார்ந்து எழுதினேன். மழை, ஆர்டர், உள்குத்தகை, ஏழு பேர், வெதுவெதுப்பான வாளி, லைனில் இருந்த என் பத்து நிமிடம், அண்ணாச்சி கொண்டுவந்த தாள், எல்லாவற்றையும். மறுநாள் விசாரணை அதிகாரியிடம் நேரில் கொடுத்தேன். அவர் முழுவதையும் படித்தார்.

"முதல் அறிக்கையில இருக்கறதும் உங்க கையெழுத்துதானம்மா?"

"ஆமா சார்."

"அப்ப எதை நான் நம்புறது?"

இரண்டையும் சேர்த்து ஃபைலில் வைத்தார். அந்த வாரமே எனக்கு வேலை போனது. கம்பெனி கொஞ்ச காலம் மூடிக் கிடந்து, வேறு பெயரில் திறந்தது. போர்மேன் மேல் வழக்கு நடக்கிறது. குத்தகைக்காரர் பெயர் இப்போதும் எங்கும் இல்லை. என்னைப் போலீஸ் ஒருமுறை கூப்பிட்டு, கேட்டு எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டது. நான் அவ்வளவு பயந்தது அதற்குத்தான்.

என் கடிதத்தின் நகலை முத்துலட்சுமியிடம் அச்சக வாசலில் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே படித்து முடித்து மடித்தாள்.

"இத மொதல்லயே எழுதியிருக்கலாம்ல மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள்.

பாதுகாப்பு வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இரண்டு காரியம்தான் இருக்கிறது. வாளி சுடுகிறது என்று ஒரு தொழிலாளி வந்து சொன்னால் யாரிடமும் கேட்காமல் ரூமை மூடுங்கள். போனை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். அடுத்தது, முதல் கையெழுத்து. அதைப் பொய்யாகப் போட்டுவிட்டால், பின்னால் நீங்கள் எழுதுகிற உண்மைக்கு இன்னொரு தாள் என்ற மதிப்புதான் கிடைக்கும். இதில் எதையும் நான் தெரியாமல் செய்யவில்லை. எல்லாம் தெரிந்துதான் லைனில் இருந்தேன்.